முதல் படம் முடிந்தது, முதலில் எங்கே காட்டுவது?

படம் முடிந்துவிட்டது. மிக்சிங் ஆகி, டி.சி.பி. (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி) ஹார்டு டிஸ்க்கில் ஏறி வீட்டு பீரோவுக்குள் இருக்கிறது. பெரிய நடிகர் யாரும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற, முக்கால் பாகம் சிரிக்க வைத்துவிட்டுக் கடைசியில் தொண்டையை அடைக்கிற கதை. காசு போட்டது நிறுவனம் இல்லை. மச்சான், கல்லூரி நண்பர்கள் நாலு பேர், ஊரில் விற்ற ஒரு துண்டு நிலம். இந்த இடத்தில் நிற்கும் முதல் பட இயக்குநர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். விழாவுக்கு அனுப்புவதா, தியேட்டரில் இறக்குவதா, ஓடிடிக்குக் கொடுத்துவிடுவதா, டி.வி.யா, இல்லை பேசாமல் யூடியூபில் ஏற்றிவிடுவதா?

கோடம்பாக்கத்தில் இதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் பணக் கணக்காக இருக்கும். யார் முதலில் செக் நீட்டுகிறாரோ அவரிடம் கொடுத்துவிடு என்பார்கள். த்ரில்லருக்கு அது சரியாக இருக்கலாம். சிரிப்பும் கண்ணீரும் கலந்த படத்துக்கு அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: உங்கள் படத்தின் சிரிப்பு எதில் இருக்கிறது? பார்க்கிற காட்சியிலா, பேசுகிற பேச்சிலா, அல்லது இந்த ஊரில் இந்த நேரத்தில் நடக்கும் ஏதோ ஒன்றைச் சீண்டுவதிலா? முதல் திரையிடல் எங்கே என்பது இதைப் பொறுத்தது. நான் சப்டைட்டில் எழுதிப் பிழைக்கிறவன். அதனால் இந்த வித்தியாசம் என் கண்ணில் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது.

விழாவிலிருந்து தொடங்குகிறேன். அதை மட்டும் பின்னால் தள்ளிப்போட முடியாது. பெரிய விழாக்கள் வேறெங்கும் காட்டாத படத்தையே கேட்கும். ஓடிடியிலோ யூடியூபிலோ ஒருமுறை வந்துவிட்டால் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும். யூடியூபைத் தவிர மற்ற வழிகளில் எதை முதலில் எடுத்தாலும் இன்னொன்றுக்கு ஏதோ ஓர் இடுக்கு மிச்சம் இருக்கும்.

விழா யாருக்குப் பலித்திருக்கிறது? மணிகண்டனின் காக்கா முட்டை 2014 செப்டம்பரில் கனடாவின் டொராண்டோ விழாவில் திரையிடப்பட்டது. 2015 மார்ச்சில் இரண்டு தேசிய விருதுகள், ஜூன் 5 அன்று தியேட்டர். கன்னடத்தில் ராம் ரெட்டியின் திதி 2015 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் லோகார்னோ விழாவில் இரண்டு பரிசுகள் வாங்கி, 2016 மே மாதம் கர்நாடகத் தியேட்டர்களுக்கு வந்தது. இரண்டுக்கும் இடைவெளி ஒன்பது மாதம்தான். பரிசுச் சூடு ஆறுவதற்குள் ஊர் ஜனம் படத்தைப் பார்த்துவிட்டது.

இரண்டிலும் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காக்கா முட்டையில் விளம்பரத் தாளில் உள்ள பீட்சா படத்தைப் பார்த்துப் பார்த்து ஆயா தோசைக்கல்லில் ஒன்று சுட்டுத் தருவாள். பையன்கள் அதை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அந்த இடத்தில் சப்டைட்டிலை எடுத்துவிட்டாலும் கனடாக்காரர் சிரிப்பார். திதியில் நிலத்தை விற்கத் துடிக்கும் மகன், உயிரோடு ஊர் சுற்றிக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு இறப்புச் சான்றிதழ் தயார் செய்கிறான். நடித்தவர்கள் மண்டியா பக்கத்துக் கிராமத்து மனிதர்கள், தொழில்முறை நடிகர்கள் இல்லை. பேச்சு அந்த மண்ணின் கன்னடம். ஆனால் சிக்கல் சுவிட்சர்லாந்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரு வரியில் புரிந்துவிடும். இப்படிப்பட்ட படத்துக்கு விழா முதல் வழி.

பேச்சில் இருக்கும் சிரிப்பு வேறு. ஊர்க்கூட்டத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், ஓரத்தில் ஒரு பெரியவர் யாருக்கோ சொல்வது போல ஒரு வார்த்தை விடுகிறார், தியேட்டர் அதிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சப்டைட்டிலில் இடம் இரண்டு வரி, வரிக்கு நாற்பது எழுத்துக்குக் கொஞ்சம் மேலே. நாலு பேரில் ஒருவர் பேச்சுதான் ஏறும். பெரியவரை ஏற்றினால் சண்டை புரியாது, சண்டையை ஏற்றினால் பெரியவர் போய்விடுவார். இந்த வகைப் படத்தை எடுத்துக்கொண்டு இருபது விழாக்களுக்கு நுழைவுக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பது வீண். அழுகைக் காட்சிகள் மட்டும் கடல் கடந்து போய், 'நல்ல முயற்சி' என்று ஒரு மறுப்பு மின்னஞ்சல் வரும். கட்டணம் திரும்பி வராது.

விழாவின் இன்னொரு ஆபத்து காத்திருப்பு. செழியனின் டு லெட்டுக்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது 2018 ஏப்ரலில். படம் தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரியில். வினோத்ராஜின் கூழாங்கல் 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருதை வென்றது. சோனி லைவில் பொதுமக்கள் பார்க்கக் கிடைத்தது 2023 அக்டோபரில். இரண்டும் நகைச்சுவை இல்லை, அதனால் தாங்கின. வெயிலும் வறுமையும் இரண்டு வருடத்தில் பழசாகிவிடாது. ஒரு மீமை நம்பி வைத்த காட்சி ஆறு மாதத்தில் கெட்டுப்போகும். ஆகவே விழாவுக்குப் போவதானால் ஒரு கெடு வையுங்கள். முதல் விண்ணப்பத்திலிருந்து ஒரு வருடம், அதற்கு மேல் ஒரு நாள் வேண்டாம். கோவாவில் நவம்பரில் நடக்கும் ஃபிலிம் பஜாரையும் திருவனந்தபுரத்தில் டிசம்பரில் நடக்கும் கேரளத் திரைப்பட விழாவையும் அந்தக் கெடுவுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். முதலாவதில் வாங்குகிறவர்களைச் சந்திக்கலாம். இரண்டாவதில் தமிழ் புரிகிற, வாய்விட்டுச் சிரிக்கிற கூட்டம் கிடைக்கும். எனக்குத் தெரிந்து ஒரு தமிழ்க் காமெடிக்கு அதைவிட நல்ல விழாக் கூட்டம் இல்லை.

அடுத்தது ஓடிடி. எல்லோரும் முதலில் நினைப்பதும் இதைத்தான். 2020, 2021இல் தியேட்டர்கள் மூடிக் கிடந்தபோது சின்னப் படங்களை நேரடியாக வாங்கினார்கள். அந்தக் காலத்து நினைவில்தான் பலர் இன்னும் பட்ஜெட் போடுகிறார்கள். இப்போது பெரும்பாலும் முதல் கேள்வியே 'தியேட்டரில் எப்போது?' என்பதுதான். தெரிந்த முகம் இல்லாத படத்துக்கு மொத்த விலை கிடைப்பது அரிது. பார்த்த நேரத்துக்கு ஏற்பப் பங்கு என்பார்கள், அல்லது வாடகைக்குப் பார்க்கும் வரிசையில் போடுவார்கள். படங்களைத் திரட்டி ஓடிடிக்குக் கொடுக்கும் ஓர் அக்ரிகேட்டர் நடுவில் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு.

பணத்தைவிட என்னை உறுத்துவது வேறு. நகைச்சுவை தனியாகப் பார்க்கும்போது பாதியாகிவிடுகிறது. நல்ல எடிட்டர் ஒரு வசனத்துக்குப் பிறகு சிரிப்பு அடங்க அரை நொடி இடம் விட்டு வெட்டியிருப்பார். இருநூறு பேர் உட்கார்ந்த அரங்கில் அந்த அரை நொடி கூட்டத்தின் சிரிப்பால் நிரம்பும். கைப்பேசியில் ஒருவர் பார்க்கும்போது அதே அரை நொடி படம் தொய்வது போலத் தெரியும். அவர் பத்து நொடி தள்ளிவிடுவார். தள்ளிய இடத்தில்தான் கடைசிக் காட்சிக்கு வேண்டிய விதை இருந்திருக்கும்.

ஓடிடிக்குக் கொடுப்பதில் பலருக்குத் தெரியாத இன்னொரு செலவும் உண்டு. தியேட்டரில் ஓடிய படம் அப்படியே அங்கே ஓடாது. வசனம் நீக்கிய இசை-ஒலித் தடம் தனியாகக் கேட்பார்கள். பாட்டு, பின்னணி இசை எல்லாவற்றுக்கும் உரிமை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சங்கிலி காகிதத்தில் இருக்க வேண்டும். டீக்கடை ரேடியோவில் பின்னணியாக ஓடும் பழைய பாட்டை 'யாருக்குத் தெரியப்போகிறது' என்று விட்டிருந்தால், தரப் பரிசோதனையில் அங்கேயே மாட்டும். கிராமத்துக் காமெடிகளில் இந்த டீக்கடைப் பாட்டு இல்லாத படம் குறைவு.

இனி தியேட்டர். தமிழில் வருடத்துக்கு 200 படங்களுக்கு மேல் வருகின்றன. 52 வெள்ளிக்கிழமைதான். பொங்கல், கோடை, தீபாவளி பெரிய படங்களுக்குப் போய்விடும். மிஞ்சிய வெள்ளிகளில் ஆறேழு சின்னப் படங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். கிடைப்பது காலை 11 மணிக் காட்சி. வேலைக்குப் போகிறவனும் வர முடியாது, வீட்டிலிருப்பவளும் வர முடியாது. அந்த நேரத்தில் காலியாக ஓடிவிட்டு, 'கூட்டமில்லை' என்று சனிக்கிழமையே எடுக்கப்படும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். ஜி.எஸ்.டி., உள்ளாட்சிக் கேளிக்கை வரி எல்லாம் போக ஒரு டிக்கெட்டில் 100 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். பாதி தியேட்டருக்கு. மீதி 50இல் வெளியிட்டுத் தருபவரின் கமிஷன் 10 சதவீதம் போனால் உங்களுக்கு 45. ஐம்பது தியேட்டரில் இறக்க போஸ்டர், பத்திரிகை விளம்பரம், இணைய விளம்பரம், படத்தை டிஜிட்டலாகத் தியேட்டரில் ஓட்டித் தருவதற்கான க்யூப் கட்டணம் என்று 30 லட்சம் செலவு செய்தால், அந்தச் செலவை மட்டும் எடுக்க ஏறத்தாழ 67,000 பேர் வர வேண்டும். தியேட்டருக்கு இரண்டு காட்சி, வெள்ளி சனி ஞாயிறு மூன்று நாள் என்றால் மொத்தம் 300 காட்சி. ஒவ்வொரு காட்சிக்கும் 220 பேருக்கு மேல் வேண்டும், காலைக் காட்சி உட்பட. படம் எடுத்த காசு இன்னும் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. (க்யூப் கட்டணம் சும்மா ஒரு வரியில் போகிற விஷயமும் இல்லை. 2018இல் வி.பி.எஃப். எனப்படும் அந்தக் கட்டணத் தகராறில்தான் மார்ச் முதல் தேதியிலிருந்து வாரக்கணக்கில் புதுப் படமே வராமல் தயாரிப்பாளர்கள் நிறுத்தி வைத்தார்கள்.)

இதற்கு எதிராக டூரிஸ்ட் ஃபேமிலியைக் காட்டுவார்கள். அபிஷன் ஜீவிந்த்துக்கு முதல் படம், சிரிப்பும் நெகிழ்ச்சியும் கலந்தது, 2025 மே 1 அன்று சூர்யாவின் ரெட்ரோவோடு மோதியும் நின்று வென்றது. உண்மைதான். ஆனால் அதில் சசிகுமாரும் சிம்ரனும் இருந்தார்கள். முதல் காட்சிக்கு ஆள் வந்தது அந்த முகங்களுக்காக; இரண்டாவது வாரம் வந்தது படத்துக்காக. முகமில்லாத படத்துக்கு அந்த முதல் காட்சி எங்கிருந்து வரும் என்பதுதான் பிரச்சினையே.

நான் சொல்வது ஐம்பது தியேட்டரை அல்ல, எட்டை. படத்தின் பேச்சு எந்த ஊருடையதோ அந்த ஏரியாவில் மட்டும். கொங்குப் பேச்சென்றால் கோவை, பொள்ளாச்சி, ஈரோடு, திருப்பூர். நெல்லைப் பேச்சென்றால் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, நாகர்கோவில். காலைக் காட்சி வேண்டாம். மாலைக் காட்சி ஒன்று மட்டும், ஏழு நாள். வார நாட்களில் ஒரு காட்சியை மொத்தமாக வாடகைக்குத் தர ஒத்துக்கொள்ளும் ஒற்றைத் திரை முதலாளிகள் இருக்கிறார்கள். நேரில் போய் உட்கார்ந்து பேச வேண்டும், போனில் நடக்காது. எட்டு தியேட்டர், 56 காட்சி, காட்சிக்கு 100 பேர் என்றால் 5,600 பேர். மேலே சொன்ன பங்குப்படியே பார்த்தாலும் இரண்டரை லட்சம். இதில் படம் எடுத்த காசு வராது. ஆனால் செலவும் ஐந்தாறு லட்சத்துக்குள் அடங்கும், விழுந்தாலும் எழுந்திருக்கிற பள்ளம். பதிலாகக் கிடைப்பது இன்னொன்று: நிறைந்த அரங்கு சிரிக்கும் சத்தத்தோடு எடுத்த இரண்டு நிமிட வீடியோ. ஓடிடிக்காரரிடம் பேசப் போகும்போது டிரெய்லரை விட அதற்கு மதிப்பு அதிகம்.

ஒரு எச்சரிக்கை. தியேட்டருக்குப் போனால் ஓடிடிக்கு முன் நாலு வார இடைவெளியை மதிக்க வேண்டும், தியேட்டர் உரிமையாளர்கள் அதைவிட அதிகமாகவே கேட்கிறார்கள். ஹலிதா ஷமீமின் ஏலே 2021 பிப்ரவரி 12 அன்று தியேட்டருக்கு வருவதாக இருந்தது. முப்பது நாளுக்குள் ஓடிடியில் விட மாட்டோம் என்று கடிதம் கேட்டதில் தகராறாகி, படம் 28ஆம் தேதி நேரடியாக விஜய் டி.வி.யில் வந்தது. ஓடிடி ஒப்பந்தத்தில் ஒரு தேதியை முதலிலேயே எழுதிவிட்டு அப்புறம் தியேட்டருக்குப் போனால் உங்களுக்கும் இதே கதிதான்.

டி.வி. என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். மூன்றாவது வகைச் சிரிப்பு, அதாவது நேரத்தைச் சீண்டும் சிரிப்பு, வீட்டுக் கூடத்தில்தான் முழுதாக விளையாடும். மடோன் அஸ்வினின் முதல் படம் மண்டேலா 2021 ஏப்ரல் 4, ஞாயிற்றுக்கிழமை விஜய் டி.வி.யில் ஒளிபரப்பானது, பிறகு நெட்ஃபிளிக்ஸுக்குப் போனது. இரண்டு நாள் கழித்து ஏப்ரல் 6 அன்று தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. ஒரே ஒரு ஓட்டுக்காக ஊரே ஒரு முடிதிருத்துபவரின் காலைப் பிடிக்கும் கதையை, பூத் சிலிப்பை டி.வி. மேல் வைத்துக்கொண்டு குடும்பங்கள் பார்த்தன. எந்தத் தியேட்டரும் அந்த ஞாயிறைத் தந்திருக்க முடியாது. தேசிய விருதில் அறிமுக இயக்குநருக்கான பரிசும் வசனத்துக்கான பரிசும் அதற்கு வந்தன. அடுத்த படம் சிவகார்த்திகேயனோடு.

ஆனால் நாயகனாக யோகி பாபு இல்லாமல் அந்த ஞாயிறு கிடைத்திருக்குமா? சந்தேகம்தான். இன்று சேனல்களுக்குச் சொந்தமாகவே ஓடிடி இருக்கிறது. சன், ஜீ, விஜய் எல்லாம் இரண்டு உரிமையையும் சேர்த்தே கேட்கின்றன. முகமில்லாத படத்துக்கு நேரடி ஒளிபரப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம், அதை நம்பித் திட்டம் போட முடியாது. படத்தின் கதை தேர்தலையோ, பரீட்சை முடிவையோ, ஜல்லிக்கட்டையோ ஒட்டியிருந்தால் மட்டும், அந்தத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே சேனலில் போய்க் கதவைத் தட்டுங்கள்.

யூடியூப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முழுப் படத்தை முதலில் அங்கே ஏற்றினால் மற்ற நாலு வழியும் போச்சு. அது கடைசித் திண்ணை. ஆனால் ஆள் சேர்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. குடும்பஸ்தன் படத்தை இயக்கிய ராஜேஷ்வர் காளிசாமி நக்கலைட்ஸ் என்ற யூடியூப் நகைச்சுவைக் குழுவிலிருந்து வந்தவர். 2025 ஜனவரியில் படம் வந்தபோது அந்தக் கோவைப் பேச்சின் தாளம் பார்வையாளர்களுக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. உங்கள் படத்தில் வரும் அந்த ஊர்க்கூட்டத்துப் பெரியவரை வைத்து மூன்று நிமிடக் குறும்பு நாலைந்து எடுத்து விடுங்கள். படத்தின் காட்சியை வெட்டிப் போடாதீர்கள். நல்ல நகைச்சுவையை முன்கூட்டியே செலவழித்துவிட்டால் அரங்கில் அது செத்துவிடும்.

ஆக, என் கணக்கு இப்படி. சிரிப்பு கண்ணில் என்றால் விழா, ஒரு வருடக் கெடுவோடு. பிறகு சின்னத் தியேட்டர் ஓட்டம். சிரிப்பு பேச்சில் என்றால் விழாவை விட்டுவிட்டு நேராகச் சொந்த ஏரியாவின் எட்டு தியேட்டர், நாலு வாரம் கழித்து ஓடிடி. தேதியில் என்றால் டி.வி.யை முயலுங்கள், கிடைக்காவிட்டால் அதே தேதிக்குத் தியேட்டர். எதில் என்று உங்களுக்கே தெரியவில்லையா? சினிமாக்காரர் யாரையும் கூப்பிடாமல், படம் எடுத்த ஊருக்குப் பக்கத்து ஊர்க் கல்லூரியில் ஒரு காட்சி போட்டுவிட்டு, திரையைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்து உட்காருங்கள். பிரிவியூ தியேட்டரில் டெக்னீஷியன்கள் சிரிப்பதை நம்பாதீர்கள், அவர்கள் ஷூட்டிங் நினைவில் சிரிக்கிறார்கள்.

எந்த வழியானாலும் சென்சார் சான்றிதழை முதலில் வாங்கிவிடுங்கள். ஓடிடிக்கு அது கட்டாயமில்லை, விழாவுக்கு விலக்கு கேட்கலாம் என்பதால் பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் தியேட்டருக்கும் டி.வி.க்கும் அது இல்லாமல் முடியாது. தேசிய விருதுக்கும் எந்த வருடம் சான்றிதழ் வாங்கினீர்கள் என்பதுதான் கணக்கு, எப்போது வெளியானது என்பது அல்ல. டிசம்பர் கடைசியில் அவசரப்பட்டு வாங்குவதும் ஜனவரியில் வாங்குவதும் ஒன்றல்ல. படத்தில் ஓர் ஆடோ நாயோ வந்தால் விலங்கு நல வாரியத்தின் கடிதமும் வேண்டும். அந்த அலுவலகம் முன்பு திருவான்மியூரில் இருந்தது, இப்போது ஹரியானாவில். கிடாவெட்டுக் கதை எடுத்தவர்கள் இதற்கே சில மாதம் ஒதுக்குவது நல்லது.

கடைசியாக, யாருக்கு எதை எழுதிக் கொடுத்தாலும் ரீமேக் உரிமையை அந்தக் காகிதத்தில் சேர்க்க விடாதீர்கள். மண்டேலா 2023இல் தெலுங்கில் மார்ட்டின் லூதர் கிங் ஆனது. ஊர் மாறினாலும் சிக்கல் மாறாத கதைக்கு அப்படி ஓர் இரண்டாம் வரவு உண்டு. 'அனைத்து உரிமைகளும், அனைத்து மொழிகளிலும், நிரந்தரமாக' என்ற வரி நீங்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நடுப்பக்கத்தில், டெலிவரி விவரங்களுக்கு இடையில் இருக்கும்.